மாதவராஜின் வாழைமட்டை வகுப்பு

காலை ஏழு மணிக்கு மாதவராஜ் வாழைமரத்தைத் தலைகீழாக நிறுத்திக்கொண்டிருப்பார். முழு மரத்தை அல்ல, முழ நீளத்துக்கு வெட்டிய துண்டுகளையும் உரித்தெடுத்த மட்டைகளையும். எங்கோ இடித்த வீட்டின் ஜன்னல் கம்பிச் சட்டத்தை நான்கு செங்கல் அடுக்கின் மேல் படுக்கப்போட்டு, அதன்மேல் வரிசையாக நிறுத்துவார். அடியில் பாதியாக அறுத்த நீல டிரம். துண்டுகளிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாக அதில் இறங்கும். ஒவ்வொரு துண்டின் தலையிலும் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுவார். பிறகு காதைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்பார். என்ன கேட்கிறது என்று நான் ஒருநாளும் விசாரித்ததில்லை. விசாரித்தால் அரை மணி நேரம் போய்விடும்.

இவ்வளவும் வெள்ளைச் சட்டையில் நடக்கும். முழுக்கை, கஞ்சி போட்டது, மடிப்புக் கலையாதது. வாழைக்கறை பட்டால் துணி அதோடு தொலைந்தது என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஆகவே வாழையோடு வேலை செய்கிறவர்கள் கிழிந்த பனியனோ பழைய லுங்கியோ கட்டுவார்கள். இவர் வேண்டுமென்றே வெள்ளை போடுகிறார். "வாசலுக்கு வாழைமரம் கட்டற காலத்துலேருந்து இருவத்திரண்டு வருசமா வாழையோட பொழைக்கறன் சார். இந்தச் சட்டையில ஒரு சொட்டு கறை காட்டுங்க பாக்கலாம்" என்று சொல்லி, நான் முதுகுப்பக்கமும் பார்க்கவேண்டும் என்பதற்காக ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவார். ஐம்பத்திரண்டு வயது மனிதர் சர்வீஸ் ரோட்டு ஓரத்தில் நின்று சுற்றுவதைப் பார்த்து லாரிக்காரர்கள் ஹாரன் அடிப்பதுண்டு. அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

அதியமான்கோட்டையில் அவருடைய குடோனும் என் அச்சகமும் எதிரெதிரே இருக்கின்றன. அவர் கல்யாண மேடைக்குப் பூ அலங்காரம் செய்கிறவர். நான் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவன். மாவட்டத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் முதலில் என்னிடம் வருவார்கள், அங்கிருந்து அவரிடம் போவார்கள். பன்னிரண்டு வருடமாக ஒரே டீக்கடையில் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்து வயதாகிக்கொண்டிருக்கிறோம்.

முன்பெல்லாம் இவர் இப்படி இல்லை. ரோஜாவையும் ஜெர்பராவையும் குத்தி நிறுத்தப் பச்சை நிறத்தில் ஒரு ஸ்பாஞ்சுக் கட்டி வரும். தண்ணீரில் போட்டால் ஊறி, பூவை வாடாமல் வைத்துக்கொள்ளும். மக்காது, கரையாது. நசுக்கினால் மாவாகும், அவ்வளவுதான். கல்யாணம் முடிந்ததும் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து குடோனுக்குப் பின்னால் கொட்டுவார். ஆடிக்காற்றில் அந்தப் பச்சைத் தூள் சாலையைத் தாண்டி என் அச்சகத்துக்குள் வந்து ஈர மையின்மேல் உட்காரும். எத்தனை மாப்பிள்ளைகளின் படிப்பையும் பட்டத்தையும் மறுபடி அடித்திருக்கிறேன் தெரியுமா? போய்ச் சொன்னால், "காத்து அடிக்குது, நான் இன்னா பண்ணட்டும் சார்? காத்துகிட்ட போயி சொல்லுங்க" என்பார். பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிடுவேன்.

பிறகு ஒகேனக்கல்லில் ஒரு பெங்களூர்க்காரர் வீட்டுக் கல்யாணம் வந்தது. மணப்பெண் பிடிவாதக்காரி. ஸ்பாஞ்சு கூடாது, பிளாஸ்டிக் கூடாது, மீறினால் மேடையே வேண்டாம் என்றுவிட்டாள். மாதவராஜ் மூன்று நாள் அந்தப் பெண்ணை வாய்க்கு வந்தபடி திட்டினார். நான்காம் நாள் வேறு வழியில்லாமல் வாழைமரத்தை வெட்டி, துண்டுகளில் ஆணியால் துளை போட்டு, பூவைக் குத்திப் பார்த்தார். நின்றது. மறுநாள் சாயங்காலம் வரை வாடாமலும் நின்றது. யாரோ அதை வீடியோ எடுத்துப் போட, ஊரெல்லாம் பார்த்தது. பெங்களூரில் பூ அலங்காரக்காரர்கள் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் தொழில் சொல்லிக்கொடுக்கும் ஏதோ கூட்டத்துக்கு இவரைக் கூப்பிட்டார்கள். பிளாஸ்டிக் மாலையோடு போனவர், மண்ணைக் கெடுக்காமல் நாள்பட நிற்பது என்று அர்த்தம் வரும் ஒரு ஆங்கிலச் சொல்லோடு திரும்பி வந்தார். சஸ்டெயினபிள்.

அன்று பிடித்தது சனி. டீக்கடை கண்ணாடி டம்ளர் சஸ்டெயினபிள். பேப்பர் கப் சஸ்டெயினபிள் இல்லை. தன் பழைய டி.வி.எஸ். ஐம்பது சஸ்டெயினபிள். "எங்க மருமவப்புள்ள இருக்கறாரே, அவரு சஸ்டெயினபிளா இல்ல சார்" என்று ஒருநாள் மெல்லச் சொன்னார். ஸ்பாஞ்சு உபயோகிக்கும் மற்ற அலங்காரக்காரர்களைப் பார்த்தால் மூக்கைச் சுளிப்பார். குடோனுக்குப் பின்னால் அவர் கொட்டிய பச்சை மலை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அதன்மேல் இப்போது ஒரு பரங்கிக்கொடி படர விட்டிருக்கிறார்.

சும்மா சொல்லக்கூடாது, வேலை தெரிந்த ஆள். சம்பங்கியின் காம்பைக் கிள்ளிப் பார்த்தே அது எந்த நேரம் பறித்தது என்று சொல்லுவார். ஒரு மட்டையை வளைத்து நான்கு அடி அகல வளைவு செய்து, அதில் சாமந்தியும் கோழிக்கொண்டையும் குத்தினார் என்றால், கம்பியோ பசையோ கண்ணில் படாது. அவர் விரலுக்கு இருக்கும் நேர்மை அவருக்கும் இருந்திருந்தால் நான் இதை எழுதவேண்டிய அவசியமே வந்திருக்காது.

அந்த ஜன்னல் கம்பி எதற்கு என்று அவரே ஒருநாள் சொன்னார். நான் போட்டியாளன் இல்லை என்பதால் சொன்னார்.

"பூக்காரங்களுக்கு ஒரு நெனப்பு இருக்குது பாருங்க, எதுவுமே பிரெஷ்ஷா இருந்தாதான் நல்லதுன்னு. பூவுக்கு அது சரி. மட்டைக்கு ஆவாது. முந்தின நாளே வெட்டி, தலைகீழா நிறுத்தி, ஒரு ராத்திரி முச்சூடும் கறைய வடிய வுட்டுடணும். அப்பறம் கழுவிட்டு மேடைக்கு ஏத்தணும். அப்படியே பச்சையா ஏத்தினா மேல இருந்து சொட்டும். சொட்டறப்ப தெரியாது சார், வெறும் தண்ணியாட்டம்தான் இருக்கும். காஞ்சாதான் நெறம் காட்டும். மறுநாள் பாத்தா பட்டுப்பொடவை பழுப்பு பழுப்பா கெடக்கும். எந்த சோப்புக்கும் போவாது. அந்த மேடைக்காரன் அன்னியோட மூட்டை கட்டிக்க வேண்டியதுதான்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி. எனக்கும் ஒரு தொழில் ரகசியம் தெரிந்துவிட்டதில் திருப்திதான்.

பெங்களூரில் பார்த்ததை இங்கேயும் நடத்தவேண்டும் என்று 'தருமபுரி பசுமைப் பூ நண்பர்கள்' என்று ஒன்றை ஆரம்பித்தார். மாதம் ஒரு நாள், அவர் குடோனில். அஷ்டமியில் யாரும் கல்யாணம் வைக்கமாட்டார்கள், அலங்காரக்காரர்கள் எல்லோரும் சும்மா இருப்பார்கள், ஆகவே அஷ்டமி. தேய்பிறை அஷ்டமியில் எங்கள் ஊரில் கால் வைக்க இடம் இருக்காது. பைரவருக்குப் பூசணிக்காயில் விளக்குப் போட வண்டி வண்டியாக வந்து இறங்குவார்கள். ஆகவே வளர்பிறை அஷ்டமி. இவ்வளவு யோசித்து நாள் குறித்தவர், கூட்டத்தில் என்ன சொல்லிக்கொடுப்பது, எதை விடுவது என்பதையும் அதே அக்கறையோடு யோசித்திருந்தார்.

முதல் கூட்டத்துக்கு நானும் போனேன். பாலக்கோடு, பென்னாகரம், அரூர், மொரப்பூர் என்று பதினைந்து பேர். பிளாஸ்டிக் நூல் இல்லாமல் வாழைநாரில் மாலை கட்டுவது எப்படி என்று பாலக்கோட்டுக் கிருஷ்ணப்பன் செய்து காட்டினார். நாரை வீட்டிலேயே ஊறவைத்துக் கொண்டுவந்திருந்தார். எவ்வளவு நேரம் ஊறவேண்டும் என்று யாரோ கேட்டதற்கு, "ஊறற வரைக்கும்" என்றார். ஒரே துணியை நாற்பது மேடைக்குத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும்படி மடிப்பு வைத்துக் கட்டுவதை அரூர் இளம்பரிதி காட்டினார். கடைசி முடிச்சுப் போடும்போது மட்டும் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். வயதான மனிதர், ஏதோ குளிக்கிறவர் மாதிரி! எல்லோரும் கைதட்டினார்கள். எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை. ஏனென்றால் அவர்களும் தங்கள் முறை வரும்போது ஒன்றைப் பதுக்கப் போகிறவர்கள்தான்.

"ஒரு கை பாக்கி வெச்சிக்கணும் சார். எல்லாத்தையும் அவுத்துக் கொட்டிட்டா நாளைக்கு நம்மள எவன் கூப்புடுவான்?" என்றார் மாதவராஜ் அன்று மாலை. அப்புறம் எதற்கய்யா இந்தக் கூட்டம், டீ, வடை, பாய் விரிப்பு என்று கேட்டேன். "பகிர்வு சார், பகிர்வு" என்று நெஞ்சில் கை வைத்தார்.

பதினைந்து பேரில் ஒருவருக்கு மட்டும் இந்த நடைமுறை தெரியவில்லை. பானுமதி. மொரப்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே பூக்கட்டி விற்றுக்கொண்டிருந்தவர். முப்பத்தைந்து வயதிருக்கும். கணவர் முருகேஷ் மினி லாரி ஓட்டுகிறார். அந்த அம்மாள் தன் முறை வந்தபோது, தெர்மாகோல் பெட்டியும் ஐஸும் இல்லாமல் குண்டுமல்லி மொட்டை விரியாமல் சாயங்காலம் வரை வைத்திருப்பது எப்படி என்று காட்டினார். நனைத்துப் பிழிந்த பழைய வேட்டித்துணியில் மொட்டைச் சுற்றி, அதை வாழைமட்டையின் குழிவில் வைத்து, இன்னொரு மட்டையால் மூடி, மேலே ஈரச்சாக்கு.

"துணி சொட்டச் சொட்ட இருந்தா மொட்டு கறுத்துடுங்க. நல்லாப் பிழிஞ்சி கன்னத்துல வெச்சிப் பாக்கணும். சில்லுன்னு இருக்கணும், ஈரம் கன்னத்துல ஒட்டக்கூடாது. அதாங்க கணக்கு. நான் மூணு கிலோ பூவப் பாழாக்கிட்டுத்தான் கத்துக்கிட்டன்" என்று சிரித்தார். வரிசையாக ஒவ்வொருவர் கன்னத்திலும் அந்தத் துணியை வைத்துப் பார்க்கச் சொன்னார். நானும் வைத்துப் பார்த்தேன்.

கிருஷ்ணப்பனும் இளம்பரிதியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தப் பெண்ணுக்கு ஏதாவது கோளாறா என்று கேட்பது போல இருந்தது அந்தப் பார்வை. மாதவராஜ் மட்டும் குறிப்பெடுத்துக்கொண்டார். அடுத்த வாரமே அவர் குடோனிலிருந்து தெர்மாகோல் பெட்டிகள் வெளியே வந்தன. கேட்டவர்களிடம், "நம்ம டெக்னிக்" என்றார்.

பானுமதிக்கு மேடை அலங்காரத்துக்கு மாறவேண்டும் என்று ஆசை. பக்கத்து வீட்டுப் பெண் காவியாவுக்கு ஆவணியில் மொரப்பூர் மண்டபத்தில் கல்யாணம், மேடை வேலையைப் பானுமதிக்கே கொடுத்திருந்தார்கள். அதுதான் முதல் மேடை. அது நன்றாக அமைந்தால் மண்டபத்து மேடை எல்லாவற்றையும் இனிமேல் அவரிடமே விடுவதாக மண்டபக்காரர் சொல்லியிருந்தார். "ஸ்டேசன் எதிர்ல இருந்த எடத்த நாத்தனாருக்கே வுட்டுக்குடுத்துட்டங்க சார். அது இனிமே திரும்பாது. இந்த மேடைய நம்பித்தான் எறங்கியிருக்கறன்" என்று என்னிடம் சொன்னபோது அவர் குரலில் பயமும் இருந்தது, குஷியும் இருந்தது. காவியாவின் பத்திரிகை என்னிடம்தான் அச்சானது. மணமகள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பூ அதிகமாகப் போடச் சொல்லிப் பானுமதிதான் வந்து நின்றார்.

பதினோரு வருடமாக அந்த மொரப்பூர் மண்டபத்து மேடைகளைச் செய்துவந்தவர் யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா? பானுமதிக்கு அது தெரியாது. ரயில் நிலையத்து வாசலில் உட்கார்ந்து பூக்கட்டியவருக்கு மண்டபத்துக்குள் யார் வந்து போனார்கள் என்று என்ன தெரியும்? மாதவராஜுக்கு நன்றாகத் தெரியும். "நல்ல பொண்ணு சார், முன்னுக்கு வரணும்" என்றார், டீயை ஆற்றிக்கொண்டே.

ஆடி வளர்பிறை அஷ்டமியன்று அவருடைய வகுப்பு. எல்லோரும் காத்திருந்த வாழைமட்டை வகுப்பு. அன்றைக்கு மட்டும் ஜன்னல் கம்பியும் செங்கலும் அறுத்த டிரம்மும் தார்ப்பாய்க்கு அடியில் போயிருந்தன. கழுவித் துடைத்த துண்டுகளும் மட்டைகளும் மேசைமேல் வரிசையாக, சுத்தமாக. வெள்ளைச் சட்டைக்காரர் மட்டையை வளைத்தார், நார் போட்டுக் கட்டினார், சாய்வாகத் துளை போட்டார், பூவைக் குத்தினார். எவ்வளவு ஆழம், எந்தக் கோணம், எந்தப் பூவுக்கு எவ்வளவு காம்பு விடவேண்டும், எல்லாம் சொன்னார். வாய் ஓயாமல் ஒரு மணி நேரம் சொன்னார். கறை என்ற சொல் மட்டும் அவர் வாயில் வரவே இல்லை.

பானுமதி முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பள்ளிக்கூட நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து கேட்டார்: "மட்டைய எப்ப வெட்டணும்ங்கண்ணா?"

மாதவராஜ் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "பூ எப்படியோ அப்படித்தாம்மா. பிரெஷ்ஷா இருந்தா நல்லது."

பானுமதி அதையும் எழுதிக்கொண்டார். நான் அத்தனை பேர் நடுவில் எழுந்து நின்று, யோவ், அந்தத் தார்ப்பாயைத் தூக்கிக் காட்டு என்று கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. பத்திரிகை அடிக்கிறவன் பூக்காரர்கள் விவகாரத்தில் வாய் கொடுப்பதா என்று உட்கார்ந்திருந்தேன். டீயும் வாங்கிக் குடித்தேன்.

கூட்டம் கலைந்ததும் பிடித்துக்கொண்டேன். முந்தின நாள் வெட்டி வடியவிடவேண்டும் என்று என்னிடம் சொன்னீர்களே, அந்தப் பெண்ணிடம் ஏன் சொல்லவில்லை?

"சொல்லலியா?" என்று கண்ணை அகலமாக விரித்தார். "அட ஆமாங்க. கூட்டத்துல மறந்துபோச்சி சார். ஒரு மணி நேரம் பேசறதுன்னா சும்மாவா? போன்ல சொல்லிடறன், வுடுங்க."

நான் விட்டேன். இருந்தாலும் மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு, வகுப்புக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கச் சான்றிதழ் அடிக்கவேண்டும் என்று அச்சகத்துக்கு வந்தார். 'பிளாஸ்டிக் இல்லாத பூ அலங்காரத்தில் பயிற்சி பெற்றார்' என்ற வாசகம். கீழே அவர் கையெழுத்து. அடித்து முடித்ததும், "லேமினேசன் போட்டுக் குடுங்க சார், அப்பத்தான் நாள்பட நிக்கும்" என்றார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். சிரிக்கிறாரா என்று பார்த்தேன். இல்லை, நிஜமாகத்தான் கேட்டார். பதினைந்து சான்றிதழையும் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, சூடான இயந்திரத்தில் கொடுத்து எடுத்தேன்.

பானுமதியின் பெயர் போட்ட அட்டை வெளியே வந்தபோது மறுபடி கேட்டேன். போன் பண்ணினீர்களா?

மாதவராஜ் வலது கையை வெள்ளைச் சட்டையின் பைமேல் வைத்தார். "சத்தியமா சொல்லிட்டன் சார். முந்தின நாளே வெட்டு, தலைகீழா நிறுத்துன்னு எல்லாத்தையும் சொன்னன். அந்தப் பொண்ணு எழுதிக்கிச்சி. நாம இன்னா அவ்வளவு கேவலமா பூட்டமா?"

அந்தக் கடைசிக் கேள்வியில் எனக்கு வெட்கமாகிவிட்டது. பன்னிரண்டு வருடப் பழக்கம், ஒரு மனிதரை இப்படியா சந்தேகப்படுவது என்று என்னையே திட்டிக்கொண்டேன். அட்டைகளை அடுக்கிக் கட்டிக் கொடுத்தேன். நாசமாய்ப் போக, அவரை நம்பித் தொலைத்தேன்.

ஆவணி முகூர்த்தம், காலை ஏழரையிலிருந்து ஒன்பது. நான் மொரப்பூர் பஸ்ஸைப் பிடித்து மண்டபத்துக்குள் நுழையும்போது கெட்டிமேளம் கொட்டிவிட்டது. கூட்டத்துக்கு மேல் எட்டிப் பார்த்தேன். மேடையில் பானுமதியின் வளைவு.

நான் பார்த்த மேடைகள் ஆயிரம் இருக்கும். இது வேறு மாதிரி இருந்தது. மாதவராஜின் வளைவில் எல்லாம் அளந்து வைத்தது போல இருக்கும். இதில் ஒரு பக்கம் சாமந்தி அடர்த்தி, மறுபக்கம் போகப்போக நெகிழ்ந்து, நடுவில் குண்டுமல்லி மொட்டுச் சரம் மூன்று, இன்னும் விரியாமல், காற்றில் லேசாக ஆடிக்கொண்டு. முழம் போட்டுப் பழகிய கை அது என்று தெரிந்தது. மண்டபக்காரர் கைகட்டி நின்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா இருக்குதும்மா. சாப்பாடு முடிஞ்சதும் ஆபீஸ் ரூமுக்கு வா, தை மாசத்து லிஸ்ட்ட பேசிடலாம்" என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது. பானுமதி புடவையை இழுத்துச் செருகியபடி, ஈரக் கையோடு, மேடை ஓரத்துத் தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். தண்ணீர் தெளிக்கும் பம்பு இன்னும் கையில் இருந்தது. என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கும் மனசு நிறைந்தது. போன் பண்ணியிருக்கிறார், பாவம், நல்ல மனிதர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

காவியா அரக்குப் பட்டில், வளைவுக்கு நேர் கீழே, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றாள். பரிசு கொடுக்க வரிசை கட்டி ஏறிக்கொண்டிருந்தார்கள். அவள் தோளில் ஏதோ விழுந்தது. விரலால் தொட்டுப் பார்த்தாள். நிறம் எதுவும் இல்லை. புடவையிலேயே துடைத்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள், "பன்னீரு வுழுதும்மா, நல்லதுதான்" என்றார். இன்னொரு சொட்டு முந்தானையில் விழுந்தது. பானுமதி கையில் பம்பு இருந்ததே, பூவுக்குத் தெளித்த தண்ணீர்தான் என்று நானும் எண்ணிக்கொண்டேன்.

அப்போது மாதவராஜ் வந்தார். மாப்பிள்ளை வீட்டுக்குத் தூரத்துப் பங்காளி முறை. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கூடவே இளநீலப் பட்டில் மனைவி நிர்மலாதேவி. நேரே மண்டபக்காரரிடம் போய்க் கையைப் பிடித்துக் குலுக்கி, பானுமதியைச் சுட்டிக்காட்டி, "நம்ம ஸ்டூடண்டு" என்றார். பானுமதி கும்பிட்டார். "எல்லாம் நீங்க சொல்லிக்குடுத்ததுங்கண்ணா" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. மாதவராஜ் பெருந்தன்மையாகத் தலையாட்டிவிட்டு, மனைவியோடு மேடைப் படி ஏறினார். நான் முன்வரிசைக்குப் போய் நின்றேன்.

போட்டோக்காரர் கேமராவைக் கண்ணில் வைத்தபடி கையசைத்தார். "அண்ணா, இன்னும் கொஞ்சம் உள்ள வாங்க. வளைவுக்குக் கீழ."

"இங்கயே இருக்கட்டும் தம்பி."

"பிரேம்ல வர மாட்டீங்கண்ணா. அண்ணி மட்டுமாச்சும் உள்ள தள்ளி நில்லுங்க."

நிர்மலாதேவி ஒரு அடி உள்ளே வைத்தார். மாதவராஜ் தலையை நிமிர்த்தி வளைவை ஒருதரம் பார்த்தார். பிறகு மனைவியின் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். தட்டில் இருந்த அட்சதையை இடது கையில் எடுத்துக்கொண்டு, வலது கையின் வெள்ளைச் சட்டையை மணிக்கட்டிலிருந்து ஒவ்வொரு மடிப்பாக முழங்கைக்கு மேல் வரை மடித்து ஏற்றினார். அட்சதையை வலது கைக்கு மாற்றி, அந்த வெறுங்கையை மட்டும் வளைவுக்கு அடியில் நீட்டிக் காவியாவின் தலையில் போட்டார்.